முரட்டு மீன்கள் வாழும் கடல்நீர்த் தொட்டியில் பாசி: அறிகுறி பார்த்துத் தீர்க்கும் முறை

தொட்டியில் முதன்முதலாகப் பாசி படர்ந்தபோது, எல்லோரும் செய்வதைப் போல நானும் பாசி தின்னும் பன்னிரண்டு டர்போ நத்தைகளை வாங்கிவந்து ஒரு மாலை நேரத்தில் விட்டேன். என் பிக்காசோ கிளாத்தி ஒரு நத்தையைக் கண்ணாடியிலிருந்து பெயர்த்து மணலில் கவிழ்த்தது. பிறகு ஒரு சாண் தள்ளி நின்று, நத்தை தன்னை நிமிர்த்திக்கொள்வதற்காகச் சதையை வெளியே நீட்டும் வரை காத்திருந்து, ஒரே கடியில் இழுத்துவிட்டது. விளக்கு அணைவதற்குள் ஏழு போயின. மீதி ஐந்தும் மறுநாள் காலை உணவுக்கு முன்பே முடிந்துவிட்டன. பாசி இருந்த இடத்திலேயே இருந்தது.

பவளமும் இறாலும் வாழும் தொட்டிக்குச் சொல்லப்படும் பாசி வைத்தியத்தில் பாதி, கிளாத்தி, பேத்தை, களவா, அஞ்சாலை, லயன் மீன் ஆகியவை வாழும் தொட்டிக்குப் பொருந்தாது. லயன் மீன் மட்டும் இருந்தால் நத்தைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அது தேடுவது இறாலையும் தன் வாய்க்குள் அடங்கும் சிறு மீனையும்தான். ஸ்னோஃப்ளேக் அஞ்சாலை நண்டையும் இறாலையும் விடாது, நத்தையைப் பொதுவாகக் கண்டுகொள்ளாது. கிளாத்தியோ பேத்தையோ இருந்தால் நத்தை, துறவி நண்டு, கடல் முள்ளெலி என்று ஓடும் முள்ளும் உள்ள எதுவும் தப்பாது. ஆகவே இங்கே எழுதியிருப்பவை, பாசி தின்னும் சிற்றுயிர்களை நம்ப முடியாத தொட்டிக்கான வழிகள். என்னுடையது புதுச்சேரியில் உள்ள ஒரு வீட்டின் கூடத்தில், ஐந்தடி நீளத்தில், ஏறக்குறைய 400 லிட்டர் கொள்ளளவுடன் இருக்கிறது. கீழே அலமாரிக்குள் வடிகட்டும் கீழ்த்தொட்டி ஒன்றும் உண்டு.

எந்த அறிகுறிக்கும் முன்னால் ஒரு கணக்கு

பாசியை வளர்ப்பவை தண்ணீரில் சேரும் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும். முரட்டு மீன்கள் இறைச்சி தின்பவை; அந்த இரண்டும் அவற்றின் உணவிலிருந்தே வருகின்றன. என் தொட்டிக்குள் ஒரு நாளில் போகும் இறால், கணவாய், மீன் துண்டு எல்லாம் சேர்ந்து 20 கிராம் இருக்கும். கடல் உணவின் சதையில் 100 கிராமுக்குச் சுமார் 200 மில்லிகிராம் பாஸ்பரஸ் உண்டு. அப்படியானால் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ளே போகிறது. அதைப் பாஸ்பேட்டாக மாற்றிக் கணக்கிட்டால் சுமார் 120 மில்லிகிராம், அதாவது 400 லிட்டரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். நைட்ரேட்டையும் இதே போலப் போட்டுப் பார்த்தால், அந்த 20 கிராமில் உள்ள புரதம் முழுவதும் சிதைந்தால் லிட்டருக்கு 7 மில்லிகிராம் வரை வரும். மீனின் உடலில் தங்குவதும் ஸ்கிம்மர் என்னும் கருவி கழிவை நுரையாக வெளியேற்றுவதும் போக மீதிதான் தண்ணீரில் சேர்கிறது என்றாலும், பாஸ்பேட் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழும் நைட்ரேட் 20க்குக் கீழும் இருக்க வேண்டும் என்று நாம் விரும்பும் தொட்டியில், அன்றாட வரவே இவ்வளவு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மருந்தைத் தேட வேண்டும்.

வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவது நல்ல வழக்கமே. ஆனால் அது மட்டும் போதும் என்று நம்புகிறவர்கள் இதையும் கணக்கிட வேண்டும். நைட்ரேட் 80 இருக்கும் தொட்டியில் ஒருமுறை மாற்றினால் 64 ஆகும். புதிதாக எதுவுமே சேராவிட்டாலும் நான்கு முறை மாற்றிய பிறகுதான் 33க்கு வரும். இடையில் நான்கு வார உணவும் உள்ளே போயிருக்கும்.

இன்னொன்று: சோதனைக் குப்பியில் பாஸ்பேட் பூஜ்யம் என்று காட்டுவதையும் தொட்டியில் பாசி அடர்ந்திருப்பதையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் குப்பியைச் சந்தேகிக்கிறார்கள். குப்பி பொய் சொல்லவில்லை; தண்ணீருக்கு வந்த பாஸ்பேட்டைப் பாசி அப்போதைக்கு அப்போதே எடுத்துக்கொண்டுவிட்டது.

அறிகுறி: கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூசி, தொட்டால் மாவு போலக் கலைகிறது

இது டயாட்டம் என்னும் ஓரணுப் பாசி. தொட்டி புதிதாக இருந்து, முதல் இரண்டு மாதங்களுக்குள் வந்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தால் தானே அடங்கும். ஓர் ஆண்டு கடந்த தொட்டியில் திரும்பத் திரும்ப வந்தால், ஊற்றும் தண்ணீரில் சிலிக்கேட் வருகிறது என்று பொருள். டயாட்டம் தன் கூட்டைக் கட்டுவதே அதைக் கொண்டுதான்.

எங்கள் தெருவின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பொருள் கரைந்துள்ளது என்ற அளவு) 900க்குக் குறையாது. வீட்டு ஆர்.ஓ. கருவியின் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன் என்று நிம்மதியாக இருந்தவன், ஒரு நாள் அளந்து பார்த்தபோது அது 110 என்று காட்டியது. சவ்வு கெட்டுவிட்டது என்று மாற்றப் போனேன். மாற்ற வந்த தம்பி கருவியின் பின்புறத்தில் இருந்த ஒரு சிறிய திருகைக் காட்டி, ‘குடிக்கச் சப்புன்னு இருக்கக் கூடாதுன்னு கொஞ்சம் பச்சைத் தண்ணி கலக்கும் சார்’ என்றார். அதை முழுவதும் மூடியதும் 35க்கு இறங்கியது. அதற்குப் பின்னால் மீதிக் கரைபொருளையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்த பிறகுதான் பூஜ்யம் வந்தது. சிலிக்கேட்டை ஆர்.ஓ. சவ்வு முழுமையாகப் பிடிப்பதில்லை என்பதால் அந்த ரெசின் இல்லாமல் டயாட்டம் ஓயாது. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக நாளுக்கு 5 லிட்டர் ஊற்றுகிறவருக்கு மாதம் 150 லிட்டர் ஆகிறது. அது 110 டி.டி.எஸ். தண்ணீராக இருந்தால் 16 கிராமுக்கு மேல் கரைபொருள் தொட்டியிலேயே தங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே.

கடல் பக்கத்தில் இருக்கும்போது உப்பு வாங்கிக் கரைப்பானேன் என்று கடல்நீரையே கொண்டுவருபவர்கள் நம் ஊரில் உண்டு; நானும் பாதி நாள் அப்படித்தான். அதில் பருவம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் தென்பெண்ணையும் கெடிலமும் வயல் உரத்தையும் வண்டலையும் கடலில் கொண்டுவந்து கொட்டுகின்றன. கரையோரத்தில் உப்பின் அளவு ஆயிரத்துக்கு 30க்கும் கீழே இறங்கிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையின் உபரி நீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்த பிறகு, எங்கள் கடல் வாரக்கணக்கில் தேநீர் நிறத்தில் இருந்தது. வழக்கமாக எனக்குத் தண்ணீர் கொண்டுவரும் வம்பாக்கீரப்பாளையத்துப் படகுக்கார அண்ணனிடம் அப்போது கேட்டேன். ‘இப்ப எடுத்தா சேறுதான் சார் வரும். தை பொறக்கட்டும், வெளிக்கடலுல தெளிஞ்ச தண்ணியா மொண்டு தரேன்’ என்றார். அவர் சொன்னதே சரி. கரையிலிருந்து வாளியில் மொள்ளாமல், ஆற்று முகத்துவாரத்துக்கும் சாக்கடை விழும் இடத்துக்கும் எட்டாத தொலைவில், படகில் போய் எடுத்த தண்ணீரை மூடிய டிரம்மில் ஒரு வாரம் இருட்டில் தெளியவிட்டு, 5 மைக்ரான் வடிகட்டியில் இறக்கி, உப்பை அளந்த பிறகே ஊற்ற வேண்டும். கடலூர்க்காரர்கள் உப்பனாற்றின் முகத்துவாரப் பக்கமே போக வேண்டாம்.

அறிகுறி: பாறையில் பச்சை நூல், ஒரு விரலளவு நீண்டு அலையில் ஆடுகிறது

முடிப்பாசி. பெரும்பாலோர் இந்தத் தொல்லைக்காகத்தான் வழி தேடுகிறார்கள். முரட்டு மீன் தொட்டியில் தவறாமல் வருவதும் இதுவே. இதைக் கொல்வது எளிது, வராமல் தடுப்பது கடினம். ஆகவே இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும்.

முதலில் உணவு. ஏற்றுமதிக்காகத் தோலுரித்து உறையவைக்கப்படும் இறாலில் எடை குறையாதிருப்பதற்காகப் பாலிபாஸ்பேட் கரைசலில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு. அதை வாங்கித் தொட்டியில் போடுவது பாசிக்கு உரம் வைப்பதாகும். குபேர் அங்காடியில் தலையும் ஓடும் உள்ள இறாலாகப் பார்த்து வாங்கி, வீட்டில் துண்டாக்கி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என உறையவைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. பொட்டலம் உருகும்போது வடியும் சாற்றை ஊற்றிவிட்டு, துண்டுகளை ஆர்.ஓ. தண்ணீரில் ஒருமுறை அலசிய பிறகே போட வேண்டும். கிளாத்திக்குத் தினமும் வேண்டும். லயன் மீனுக்கும் அஞ்சாலைக்கும் வாரத்தில் மூன்று நாள் போதும். இந்த இரண்டுக்கும் நான் நீண்ட இடுக்கியால் வாய்க்கு நேரே கொடுக்கிறேன். அள்ளிப் போட்ட நாட்களில் நான்கில் ஒரு துண்டு பாறை இடுக்கில் மறைந்து அழுகியதைப் பின்னால் பாறையைத் தூக்கியபோதுதான் பார்த்தேன்.

அடுத்தது, மீன்களின் வாய்க்கு எட்டாத இடத்தில் பாசியை வளர்ப்பது. அங்கே வளரும் பாசி தண்ணீரிலுள்ள பாஸ்பேட்டையும் நைட்ரேட்டையும் இழுத்துக்கொள்ளும்; அதைச் சுரண்டி எடுக்கும்போது அவையும் வெளியேறும். விந்தையாகத் தோன்றினாலும் இந்த வகைத் தொட்டிக்கு நான் முழு மனத்துடன் பரிந்துரைப்பது இதை ஒன்றைத்தான். கீழ்த்தொட்டியின் மேல் ஒரு பி.வி.சி. குழாயைக் கிடைமட்டமாக வைத்து, அதன் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு கீறலிட்டு, அதில் கெட்டியான பிளாஸ்டிக் வலைத்தாள் ஒன்றைத் தொங்கவிட வேண்டும். வலையை இரும்பறுக்கும் ரம்பத்தின் பல்லால் இரு பக்கமும் நன்றாகக் கீறிச் சொரசொரப்பாக்கினால்தான் பாசி வேர் பிடிக்கும். வலையின் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்துக்கும் மணிக்கு 50 லிட்டர் தண்ணீர் வழிந்தோட வேண்டும். 25 சென்டிமீட்டர் வலைக்கு 1250 லிட்டர் ஆகிறது. இரண்டு பக்கமும் சிவப்பு கலந்த எல்.இ.டி. விளக்கு, நாளுக்குப் பதினாறு மணி நேரம். முதல் மூன்று வாரங்கள் பழுப்பாக ஏதோ வழுவழுவென்று வரும்; மனம் தளராமல் அதைக் கழுவிவிட்டால் பிறகு பச்சையாக, ஆட்டுக்கிடாயின் முதுகு போல அடர்ந்து வளரும். ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை வலையை எடுத்துச் சமையலறைத் தொட்டியில் வைத்து, பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்ட வேண்டும். நான் சுரண்டுவதைப் பிழிந்து நிறுத்துப் பார்ப்பதுண்டு: ஒரு கைப்பிடி, 100 கிராமுக்கு மேல். அது தென்னை அடியில் போகிறது. வலை கட்டச் சலிப்பவர்கள் கீழ்த்தொட்டியின் ஓர் அறையில் சீட்டோ எனப்படும் நூற்கண்டுப் பாசியை விளக்கின் கீழ் வளர்க்கலாம். பலன் அதுவே, வேகம் மட்டும் குறைவு.

பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளும் கிடைக்கின்றன. பவளத் தொட்டியில் வாரக்கணக்கில் உழைக்கும் அவை நம் தொட்டியில் சில நாட்களிலேயே நிறைந்துவிடும் என்பதால் செலவு கட்டுப்படியாகாது. போதாததற்கு, தண்ணீரில் குறைந்த பாஸ்பேட்டைப் பாறையும் மணலும் தம் இருப்பிலிருந்து மீண்டும் விட்டுக்கொண்டிருக்கும். சில மாதங்கள் பிடிக்கும் வேலை இது.

இனி, இருக்கும் பாசியை நீக்குவது. கையால் பிய்த்து, அதே நேரத்தில் குழாயால் உறிஞ்சி வெளியேற்றுவதைவிடச் சிறந்த முறை இல்லை. பாறையை வெளியே எடுக்க முடிந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். நம் ஊர்க் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது 6 சதவீதக் கரைசல். சம அளவு தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்கி, பாசி மீது தெளித்து, மூன்று நிமிடம் விட்டு, தொட்டித் தண்ணீரிலேயே அலசித் திரும்ப வைக்கலாம். நான்கு நாளில் பாசி வெளுத்து உதிரும். ஆனால் பாறையைத் தூக்கும் முன் கிளாத்தி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அச்சம் வந்தால் அது பாறை இடுக்கில் புகுந்து, முதுகு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். பாறையோடு சேர்ந்து அதுவும் காற்றில் வந்துவிடும். அஞ்சாலைக்கும் இதே எச்சரிக்கை.

தொட்டிக்குள் கை விடுவதே இந்த மீன்களோடு தனிக் கலை. கிளாத்தி நகத்தைக் கடிக்கும்; லயன் மீன் கடிக்காது, ஆனால் மூலையில் அசையாமல் நிற்கும் அதன் முதுகு முள் நம் முழங்கையில் ஏறினால் தாங்க முடியாத வலி. நீண்ட பிடியுள்ள சுரண்டியும், தொட்டியைக் குறுக்கே பிரிக்கும் பிளாஸ்டிக் கட்டத் தட்டும் முதலில் வாங்க வேண்டிய பொருட்கள். முள் குத்திவிட்டால், அந்த நஞ்சு வெப்பத்தில் சிதைவது என்பதால், தோல் வேகாத அளவில் சுமார் 45 டிகிரிச் சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கையை அமிழ்த்தி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

பாசி தின்னும் மீன் ஒன்றைச் சேர்க்கலாமா என்பது அடுத்த கேள்வி. சேர்க்கலாம்; நம் கடற்கரையில் ஓரா என்று அழைக்கப்படும் குடும்பத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்ஃபேஸ் மீன் இதற்குப் பொருத்தமானது. முதுகில் நச்சு முள் இருப்பதால் முரட்டு மீன்களும் அதனிடம் மரியாதையாக நடந்துகொள்ளும். கிளாத்திக்குச் சமமான அல்லது பெரிய அளவில் வாங்க வேண்டும். லயன் மீனின் வாயில் அடங்கும் அளவு கூடவே கூடாது. தனித்தொட்டியில் சில வாரம் வைத்து நோயில்லை என்று உறுதி செய்த பிறகு, பெரிய தொட்டிக்குள் கட்டத் தட்டுக்கு அப்பால் ஒரு வாரம் விட வேண்டும். தடுப்பை எடுக்கும் நாளில் பாறைகளை எல்லாம் இடம் மாற்றி அடுக்கினால் கிளாத்திக்குத் தன் எல்லை எது என்பது மறந்துபோகும். விளக்கையும் அணைத்துவிட வேண்டும். இரவில் அந்த மீன் உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்துக் கிடப்பதைப் பார்த்து, அடிபட்டுவிட்டது என்று நான் பதறியிருக்கிறேன். அது தூங்கும் நிறம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: மீன் தின்ற பாசி கழிவாக அதே தண்ணீரில்தான் விழுகிறது. பாறை சுத்தமாகத் தெரியும். கணக்கில் எதுவும் வெளியேறவில்லை.

மணலைத் துப்புரவு செய்யக் கடல் அட்டையை விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001இலேயே கடல் அட்டைகள் சேர்க்கப்பட்டுவிட்டன. பாறைப் பவளங்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

அறிகுறி: முடிப்பாசி போலத்தான், ஆனால் ஒவ்வோர் இழையும் சிறு இறகு, எந்த வைத்தியத்துக்கும் அசையவில்லை

ஓர் இழையைப் பிடுங்கி வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் தண்டும் இரு பக்கமும் வரிசையாகக் கிளைகளும் தெரிந்தால் அது பிரையாப்சிஸ். உணவைக் குறைத்தும் வலைத்தாள் கட்டியும் இதை வெல்ல முடிந்ததில்லை. ஃபாக்ஸ்ஃபேஸ் மீனும் பெரும்பாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

மீன் வளர்ப்பவர்கள் இதற்குக் கையாண்டு பலன் கண்டது, பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் ஃபுளூகோனசோல். லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. தொட்டியின் கொள்ளளவில் பாறையும் மணலும் அடைத்திருக்கும் இடத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்: என் தொட்டியில் உண்மையான தண்ணீர் 340 லிட்டர்தான், ஆகவே 1.7 கிராம், அதாவது 150 மில்லிகிராம் மாத்திரையில் பதினொன்று. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து என்பதால், ஒரு கால்நடை மருத்துவரிடம் விளக்கிச் சீட்டு பெறுவதே முறை. கரித்தூள் வடிகட்டியை எடுத்துவிட்டு, மருந்தைக் கரைத்து ஊற்றி, மூன்று வாரம் பொறுக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும்; அப்போது இன்னொரு பங்கு ஊற்றத் தோன்றும் ஆசையை அடக்க வேண்டும். வலைத்தாளிலும் கீழ்த்தொட்டியிலும் வளரும் பாசியும் இதில் மங்கக்கூடும் என்பதால் அதில் ஒரு பிடியைத் தனி வாளியில் காப்பாற்றி வைக்கலாம்.

செம்பு கலந்த மருந்து பாசியைக் கொல்லும் என்று ஊற்றுகிறவர்களும் உண்டு. பாறை செம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். செதில் மெலிந்த லயன் மீனுக்கும் அஞ்சாலைக்கும் பேத்தைக்கும் அது ஒத்துக்கொள்ளாது. வேண்டாம்.

அறிகுறி: மணலின் மேல் கருஞ்சிவப்புச் சவ்வு, ஓரத்தைப் பிடித்தால் துணி போல உரிகிறது, நாற்றம் உண்டு

இது பாசியே அன்று, சயனோபாக்டீரியா. தண்ணீர் ஓட்டம் எட்டாத மூலையில், அழுக்கு தங்கிய மணலில் தொடங்கும். குழாயால் சவ்வை உறிஞ்சிவிட்டு, நீரோட்டம் எழுப்பும் வேவ்மேக்கரின் முகத்தை அந்த மூலைக்குத் திருப்பினால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு மூன்று நாள் முழு இருட்டு: விளக்கை அணைத்து, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி, உணவை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். ஒளியின்றி வாட ஒரு பவளமும் இல்லாததால் நம் தொட்டிக்கு இது தாராளமாகச் செய்யக்கூடிய காரியம். சொல்லப்போனால் மீன் மட்டும் வாழும் தொட்டிக்கு நாளுக்கு ஆறு மணி நேர விளக்கே மிகுதி. எரித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக் போட்டால் சில நாட்களில் மறையும் என்பது உண்மைதான். கழிவைச் சிதைக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் அது தாக்கக்கூடும், அடுத்த மாதம் சவ்வும் திரும்பிவரும்.

அறிகுறி: பழுப்புக் கோழை, நூல் நூலாகத் தொங்குகிறது, நுனியில் காற்றுக் குமிழி

மேலே சொன்னதற்கு நேர் எதிரான நோய் இது. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. கோழையில் கொஞ்சத்தை உறிஞ்சி ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டுக் கலக்கி, மெல்லிய காகிதத் தாளில் வடிகட்டி, தெளிந்து விழும் தண்ணீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். மீண்டும் நூலாகத் திரண்டால் அது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஓரணு உயிர். பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் அடியோடு வற்றிய தொட்டியில்தான் இது ஆட்சிக்கு வருகிறது. தினமும் இறால் விழும் தொட்டி எப்படி வற்றும் என்று கேட்கலாம். முடிப்பாசிக்குப் பயந்து இரும்பு மணிகளை அளவுக்கு மீறிக் கொட்டிய சில வாரங்களில் எனக்கே வற்றியது.

இதற்கு மருந்து, மணிகளை உடனே எடுத்துவிட்டு, தண்ணீர் மாற்றுவதையும் நிறுத்தி, பாஸ்பேட் 0.05க்கும் நைட்ரேட் 5க்கும் மேலே ஏறும் வரை விடுவது. இரவில் மணலைவிட்டுத் தண்ணீரில் மிதக்கும் வகையாக இருந்தால் புறஊதா விளக்குக் குழாய் நன்றாக உதவும். இவற்றில் சில வகை நஞ்சுள்ளவை. உறிஞ்சும்போது குழாயை வாயால் இழுத்துத் தொடங்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

அறிகுறி: பளபளக்கும் பச்சை உருண்டைகள்

வலோனியா. இவற்றைத் தின்னும் மரகத நண்டைக் கிளாத்தி தின்றுவிடும். பாறையோடு வெளியே எடுத்து, உருண்டை உடையாமல் அடியில் உளி கொடுத்துப் பெயர்த்து, அலசி வைக்க வேண்டும். கோலிக்குண்டு அளவு வந்த பின் தேடுவதைவிடப் பட்டாணி அளவில் எடுப்பது எளிது.

அறிகுறி: தண்ணீரே பச்சையாகிவிட்டது

மிதவைப்பாசி. தண்ணீர் மாற்றினால் அடுத்த நாளே திரும்பும். புறஊதாக் குழாய் ஒரு வாரத்தில் தெளியவைக்கும். கூடத்துச் சன்னலில் காலை வெயில் தொட்டிமேல் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். என் வீட்டில் ஒரு திரைச்சீலைதான் அதை நிறுத்தியது.

பாறையில் ஊதா நிறத்தில் பெயின்ட் அடித்தது போலக் கெட்டியாகப் படர்வது கோரலைன் பாசி. அதைச் சுரண்டக் கூடாது.

அறிகுறி: பாசி வேகமாகக் குறைகிறது, ஆனால் மீன்கள் மேலே வந்து வேகமாகச் செவுள் அடிக்கின்றன

பெராக்சைடு, ஃபுளூகோனசோல், மூன்று நாள் இருட்டு ஆகிய எதன் பின்னும் இது வரலாம். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனை இழுக்கிறது. தான் வைத்திருந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் திருப்பி விடுகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது அதில் கரையும் ஆக்சிஜனே குறைவு. அந்தக் கத்திரியில் பாசி ஒழிப்பைத் தொடங்குவது மீனைப் பணயம் வைப்பதாகும். ஆடியிலோ தையிலோ தொடங்கலாம். மழைக்காலத்தில் மின்வெட்டு அஞ்ச வேண்டியது: 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரைத் தாக்கியபோது பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாய் ஒன்று அலமாரியில் எப்போதும் இருக்கட்டும்.

செவுள் வேகத்தைக் கண்டவுடன் வேவ்மேக்கரை நீர்ப்பரப்பு கொப்பளிக்கும்படி மேல்நோக்கித் திருப்பி, காற்றுக் கல்லைப் போட்டு, கரித்தூள் வடிகட்டியைத் திரும்ப வைத்து, ஏற்கெனவே தயாராக வைத்திருக்கும் தண்ணீரில் 100 லிட்டர் மாற்ற வேண்டும். மாற்றும் தண்ணீர் தொட்டியின் அதே சூட்டிலும் அதே உப்பிலும் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அன்றும் மறுநாளும் உணவு வேண்டாம். கிளாத்தி கண்ணாடியில் வந்து முட்டி எவ்வளவு கெஞ்சினாலும்.